ஒரே ரகக் கரும்பும் ஒரே கம்பெனி விமானமும்

கடலூர் மஞ்சக்குப்பத்துப் பிள்ளைகளைப் பார்த்து, "நமக்குப் பக்கத்தில் இருக்கிற விமான நிலையம் எது?" என்று கேட்டால், பெரும்பாலும் சென்னை என்றுதான் பதில் வரும். மேப்பை விரித்துப் பாருங்கள். கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் தாண்டிப் பாண்டிச்சேரிக்குள் நுழைந்து, லாஸ்பேட்டைப் பக்கம் திரும்பினால் ஒரு விமான நிலையம் இருக்கிறது. டவுன் பஸ்ஸிலேயே போய்ச் சேர்ந்துவிடலாம்.

அந்த நிலையத்துக்கு ஒரு விசித்திரமான கதை உண்டு. 2024 மார்ச் மாதக் கடைசியில் அங்கிருந்து கிளம்பிக்கொண்டிருந்த பயணிகள் விமானங்கள் நின்றன. ஏப்ரல், மே, ஜூன் என்று மாதங்கள் போயின. டிசம்பர் 20ஆம் தேதிதான் அடுத்த விமானம் வந்து இறங்கியது. இடையில் ஏறக்குறைய ஒன்பது மாதங்கள் வழக்கமான பயணிகள் விமானம் ஒன்றுகூட இல்லை. புயல் எதுவும் ஓடுபாதையைப் பெயர்த்துவிடவில்லை. கட்டடம் அப்படியே இருந்தது. விளக்குகள் இருந்தன, ஊழியர்கள் இருந்தார்கள். நின்றது ஒன்றே ஒன்றுதான்: ஸ்பைஸ்ஜெட் என்ற ஒரு கம்பெனி தன் விமானங்களை அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. அந்த ஊருக்கு வந்துகொண்டிருந்தது அந்த ஒரு கம்பெனி மட்டும்தான்.

பழைய கதையையும் கொஞ்சம் பார்ப்போம். 2013 ஜனவரியில் ஸ்பைஸ்ஜெட் பாண்டியிலிருந்து பெங்களூருக்குப் பறக்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டே நின்றுபோனது. 2015இல் ஏர் இந்தியாவின் கிளையாக இருந்த அலையன்ஸ் ஏர் வந்தது. அந்த வருஷமே போயும்விட்டது. 2017 ஆகஸ்டில் ஸ்பைஸ்ஜெட் திரும்ப வந்து ஐதராபாத்துக்குப் பறந்தது, அப்புறம் பெங்களூருக்கும். 2020இல் கொரோனா. 2022இல் மறுபடி தொடக்கம், 2024இல் மறுபடி நிறுத்தம். இப்போது வருவது இண்டிகோ. கவனித்தீர்களா? ஒவ்வொரு முறையும் ஒரு கம்பெனி வருகிறது, போகிறது. ஒரே சமயத்தில் இரண்டு கம்பெனிகள் நிலைத்து நின்று பறந்த காலம் இந்த வரிசையில் எங்கும் இல்லை.

ஏன்? "லாபம் இல்லை, அதனால் வருவதில்லை" என்று பெரியவர்கள் ஒரு வரியில் சொல்லிவிடுவார்கள். அது சரிதான், ஆனால் பாதி பதில். மீதிப் பாதி இயற்பியலில் இருக்கிறது. அது ஓடுபாதையின் நீளத்தில் தொடங்குகிறது.

பாண்டி ஓடுபாதையின் நீளம் சுமார் 1,500 மீட்டர். அது எவ்வளவு தூரம் என்று காலால் உணர ஒரு வழி சொல்கிறேன். 26 அங்குல சைக்கிள் சக்கரம் ஒருமுறை சுற்றினால் ஏறத்தாழ 2 மீட்டர் நகரும். சக்கரத்தில் ஒரு இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். மஞ்சை நகர் மைதானத்தின் ஓரத்தில் தொடங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே அண்ணா பாலத்தின் பக்கம் நடந்து, கோடு எத்தனை முறை கீழே வருகிறது என்று எண்ணுங்கள். 750 எண்ணியதும் நின்று திரும்பிப் பாருங்கள். அதுதான் பாண்டி ஓடுபாதை. நடக்கிற நமக்கு அது தூரம். மணிக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல் வேகம் எடுக்க வேண்டிய விமானத்துக்கு அது மிகக் குறைவு.

விமானத்தை மேலே தூக்குவது இறக்கைமேல் பாயும் காற்று. வீட்டில் டேபிள் ஃபேனை வைத்து இதைப் பார்க்கலாம். ஒரு அட்டையை இரண்டு கைகளாலும் பிடித்து, முன்விளிம்பைச் சற்றே உயர்த்தி ஃபேன் முன்னால் நீட்டுங்கள். ஒன்றாம் நம்பரில் அட்டை லேசாக மேலே தள்ளும். மூன்றாம் நம்பரில் கையையே தூக்கப் பார்க்கும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இந்தத் தூக்குவிசை இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. வேகத்தை வேகத்தாலேயே பெருக்க வேண்டும் என்பதுதான் இயற்கை வைத்திருக்கும் கணக்கு. இதோடு இறக்கையின் பரப்பும், காற்றின் அடர்த்தியும் சேரும்.

இப்போது இரண்டு விமானங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று ஏர்பஸ் ஏ320. நம் நாட்டில் பெரிய ஊர்களுக்கு இடையில் அதிகம் பறக்கிற ஜெட் விமானம். நிறைய ஏற்றினால் மொத்த எடை 79 டன் வரை போகும். இறக்கைப் பரப்பு ஏறக்குறைய 122 சதுர மீட்டர். வகுத்துப் பாருங்கள்: இறக்கையின் ஒவ்வொரு சதுர மீட்டரும் சுமார் 645 கிலோவைத் தூக்க வேண்டும். இன்னொன்று ஏ.டி.ஆர். 72. இரண்டு பக்கமும் ஆறு இதழ் கொண்ட விசிறி சுழலும் விமானம். பாண்டிக்கு வருவது இதுதான். மொத்த எடை 23 டன், இறக்கைப் பரப்பு 61 சதுர மீட்டர். சதுர மீட்டருக்குச் சுமார் 377 கிலோதான். சுமை குறைவு என்பதால் குறைந்த வேகத்திலேயே இது தரையை விட்டுவிடும். ஏ.டி.ஆர். மணிக்கு 210 கிலோமீட்டர் வாக்கில் எழும்பும். ஏ320க்கு 270 கிலோமீட்டர் வாக்கில் வேண்டும்.

வேகத்தில் உள்ள வித்தியாசம் 60 கிலோமீட்டர்தானே என்று நினைக்கக் கூடாது. ஓடும் தூரமும் வேகத்தின் இருபடியோடுதான் வளரும். 270ஐ 210ஆல் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கினால் 1.65. அதாவது இரண்டும் ஒரே மாதிரி வேகம் பிடித்தாலும், ஜெட்டுக்கு ஒன்றரை மடங்குக்கும் மேலான தரை வேண்டும். முழுச் சுமையோடு கிளம்பும் ஏ.டி.ஆர். 72க்குச் சுமார் 1,300 மீட்டர் போதும். ஏ320க்கு 2,000 மீட்டரை ஒட்டி வேண்டியிருக்கும். 1,500 என்ற எண் இந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிறது பாருங்கள். அங்கேதான் பாண்டியின் தலையெழுத்து எழுதப்பட்டிருக்கிறது.

"1,300 போதுமென்றால் 200 மீட்டர் மிச்சம் இருக்கிறதே?" என்று கேட்கலாம். அந்த மிச்சத்தைச் சாப்பிட இரண்டு பேர் காத்திருக்கிறார்கள். முதலாவது நம் ஊர் வெயில். சூடான காற்றில் மூலக்கூறுகள் விலகி நிற்கும், அடர்த்தி குறையும். மார்கழிக் காலையில் 22 டிகிரி இருந்த காற்று, கத்திரி வெயிலில் 40 டிகிரி ஆகும்போது அதன் அடர்த்தி ஏறக்குறைய 6 சதவீதம் குறைந்துவிடுகிறது. அந்தக் குறைவை ஈடுகட்ட விமானம் கூடுதல் வேகம் எடுக்க வேண்டும், அதற்குக் கூடுதல் தூரம் ஓட வேண்டும். எஞ்சினும் அதே மெலிந்த காற்றைத்தான் இழுக்கிறது என்பதால் அதன் பலமும் குறையும். கடலோரப் புழுக்கமும் ஒரு கை கொடுக்கும். ஈரக்காற்று கனமாக இருக்கும் என்றுதான் நமக்குத் தோன்றும். உண்மையில் நீராவியின் மூலக்கூறு நைட்ரஜன் மூலக்கூறைவிட இலேசானது. அதனால் ஈரக்காற்று உலர்ந்த காற்றைவிடக் கொஞ்சம் இலேசு. மே மாதத்துக் கடலூர்க் காற்று இரண்டு வகையிலும் மெலிந்த காற்று.

இரண்டாவது, பாதுகாப்பு. ஓடுபாதையில் விரையும்போது ஒரு எஞ்சின் நின்றுவிட்டால் விமானி என்ன செய்வார்? ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும் ஒரு வேகத்தைக் கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். அந்த வேகத்துக்குக் கீழே கோளாறு தெரிந்தால் பிரேக் போட்டு, மிச்சமிருக்கும் தரைக்குள் நின்றாக வேண்டும். அதைத் தாண்டிவிட்டால் நிற்கவே கூடாது. ஒற்றை எஞ்சினோடு மேலே போய்விட வேண்டும். இந்த இரண்டுக்கும் ஓடுபாதை இடம் கொடுக்க வேண்டும். ஐப்பசி மழையில் தரை நனைந்திருந்தால் நிற்க இன்னும் அதிக தூரம் பிடிக்கும். எழும்ப எவ்வளவு தேவையோ அவ்வளவே வைத்துக்கொண்டு யாரும் விமானம் ஓட்டுவதில்லை. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்தது இந்த எச்சரிக்கை உணர்வுதான்.

சரி, பாண்டிக்கு விசிறி விமானம்தான் வர முடியும் என்று ஆகிவிட்டது. அடுத்த கேள்வி: இந்தியாவில் யாரிடம் அவை இருக்கின்றன? வைத்திருக்கும் கம்பெனிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். இண்டிகோவிடம் ஏ.டி.ஆர். இருக்கிறது. அலையன்ஸ் ஏரிடம் இருக்கிறது. 2024இல் கோவாவிலிருந்து தொடங்கிய ஃப்ளை91 என்ற சிறிய கம்பெனியிடம் இருக்கிறது. ஸ்பைஸ்ஜெட் பாண்டிக்கு அனுப்பியது க்யூ400 என்ற இன்னொரு வகை விசிறி விமானம். ஓடுபாதை குட்டையாக இருப்பதால் விமான வகை சுருங்கியது. வகை சுருங்கியதால் கம்பெனிகளின் எண்ணிக்கை சுருங்கியது.

மூன்றாவது சுருக்கம் பயணிகளால் வருவது. ஒரு கணக்குக்காக, பாண்டியிலிருந்து பெங்களூருக்குத் தினமும் 60 பேர் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏ.டி.ஆரில் இருக்கைகள் 78. ஒரு கம்பெனி ஓட்டினால் முக்கால் பாகம் நிரம்பும், ஏதோ கட்டுப்படியாகும். இரண்டாவது கம்பெனி வந்தால் ஆளுக்கு 30 பேர். இரண்டு விமானத்திலும் பாதிக்கு மேல் காலி. எரிபொருள் செலவும் விமானிகள் சம்பளமும் இரண்டு மடங்கு. கொஞ்ச நாளில் ஒருவர் விலகித்தான் ஆக வேண்டும். போதாததற்குத் திண்டிவனம் வழியாக நேரே சென்னைக்குப் போனால் எல்லா ஊருக்கும் விமானம் கிடைக்கும் என்று பாதிப் பேர் அங்கே போய்விடுகிறார்கள்.

அரசுத் திட்டமும் ஒரு வகையில் இதே திசையில் தள்ளுகிறது. சின்ன ஊர்களுக்கும் விமானம் வேண்டும் என்று மத்திய அரசு கொண்டுவந்த உடான் திட்டத்தின் முதல் விமானம் 2017 ஏப்ரலில் சிம்லாவிலிருந்து டெல்லிக்குப் பறந்தது. இத்திட்டத்தில் ஒரு தடத்தை ஏலத்தில் எடுக்கும் கம்பெனிக்கு நஷ்ட ஈடாகப் பணம் உண்டு. கூடவே, மூன்று ஆண்டுக்கு அந்தத் தடத்தில் இத்திட்டத்தின் கீழ் வேறு யாரும் பறக்கக் கூடாது என்ற உரிமையும் உண்டு. இளம் செடிக்கு வேலி போடுவது நியாயம்தான். ஆனால் வேலிக்குள் ஒரே செடிதான் வளரும்.

சேலத்தைப் பாருங்கள். 2018 மார்ச்சில் ட்ரூஜெட் என்ற கம்பெனி ஏ.டி.ஆர். விமானத்தோடு சேலம்–சென்னை ஓட்டத் தொடங்கியது. சேலத்துக்காரர்கள் நன்றாகவே பயன்படுத்தினார்கள். 2021இல் ட்ரூஜெட் தடுமாறியதும் விமானம் நின்றது. 2023 அக்டோபர் வரை சேலத்து வானம் காலி. ஒரு கம்பெனிக்கு வந்த கஷ்டம் ஒரு மாவட்டத்துக்கே இரண்டு ஆண்டுக் காத்திருப்பாக ஆனது.

இங்கே நம் ஊர் மண்ணிலிருந்து ஒரு ஒப்புமை சொல்ல வேண்டும்.

செம்மண்டலத்தில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் இருப்பது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். அங்கே உருவான ஒரு ரகத்தின் பெயர் கோ.க. 671. 'கோ' என்பது கோயம்புத்தூர், 'க' என்பது கடலூர். சர்க்கரைச் சத்து மிகுந்த ரகம். ஆலைக்காரர்களுக்கும் பிடித்தது, விவசாயிகளுக்கும் பிடித்தது. நெல்லிக்குப்பம் பக்கம் மட்டுமல்ல, குஜராத், மகாராஷ்டிரம் வரை பரவியது. கடலூரின் பெயரை நாடு முழுவதும் கொண்டுபோன கரும்பு அது. அதை நினைத்து நாம் பெருமைப்பட வேண்டும். ஆனால் அதற்கு ஒரு பலவீனம் இருந்தது: செவ்வழுகல் நோய். ஒரு பூஞ்சை கரும்புக்குள் புகுந்து வளரும். வெளியே பார்த்தால் முதலில் ஒன்றும் தெரியாது, தோகை மஞ்சளாகி வாடும், அவ்வளவுதான். கரும்பை நீளவாக்கில் பிளந்தால்தான் தெரியும்: உள்ளே சிவந்துபோன சதை, நடுநடுவே குறுக்காக வெள்ளைத் திட்டுகள், மூக்கருகில் கொண்டுபோனால் புளித்த கள் மாதிரி வாடை. பத்து ரகம் இருக்கும் ஊரில் இந்தப் பூஞ்சை வந்தால் ஒன்றிரண்டு வயல் போகும். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே ரகம் நட்டிருந்தால், ஒரு கரும்பில் நுழையத் தெரிந்த பூஞ்சைக்கு எல்லாக் கரும்பிலும் நுழையத் தெரியும். கோ.க. 671க்கு அதுதான் நடந்தது. உத்தரப் பிரதேசத்தில் அண்மையில் கோ 0238 என்ற ரகத்துக்கும் அதே கதி. அந்த மாநிலத்தின் கரும்பு நிலத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அந்த ஒரே ரகம் நின்ற நேரத்தில் செவ்வழுகல் வந்தது.

நல்ல ரகம் என்பதால்தான் அது எங்கும் பரவியது என்பதைக் கவனியுங்கள். விமானத்திலும் அப்படித்தான். குறைந்த செலவில், குறித்த நேரத்தில், ஏராளமான விமானங்களோடு ஓட்டத் தெரிந்த கம்பெனியைத்தான் மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். அது பெரிதாவதில் தவறு இல்லை. எல்லா வயலிலும் அது மட்டுமே நிற்பதுதான் கவலைக்குரியது.

இந்தக் கவலையை எண்ணால் அளக்க முடியுமா? முடியும், அதற்கு ஆறாம் வகுப்புக் கணக்கு போதும். 1949இல் எட்வர்ட் சிம்ப்சன் என்ற பிரிட்டிஷ் புள்ளியியல் அறிஞர், ஒரு காட்டில் உயிரினங்கள் எவ்வளவு கலந்து வாழ்கின்றன என்பதை அளக்க ஒரு வழி சொன்னார். ஒவ்வொரு வகையின் பங்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதை அதாலேயே பெருக்குங்கள். எல்லாவற்றையும் கூட்டுங்கள். ஒரே வகைதான் என்றால் 1ஐ 1ஆல் பெருக்கினால் 1. சமமாக இரண்டு வகை என்றால், அரையை அரையால் பெருக்கினால் கால். இரண்டு கால் சேர்ந்து அரை. சமமாகப் பத்து வகை இருந்தால் 0.1. எண் 1ஐ நெருங்கினால் ஆபத்து நெருங்குகிறது என்று பொருள். கண்ணை மூடிக்கொண்டு வயலில் இரண்டு கரும்பைத் தொட்டால் இரண்டும் ஒரே ரகமாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் இந்த எண் சொல்வது.

எனக்கு வியப்பாக இருப்பது இது: ஆல்பர்ட் ஹிர்ஷ்மன், ஆரிஸ் ஹெர்ஃபிண்டால் என்ற இரண்டு பொருளியல் அறிஞர்களும் ஏறக்குறைய அதே காலத்தில், சந்தையில் எத்தனை பேர் கையில் வியாபாரம் குவிந்திருக்கிறது என்பதை அளக்கப் பங்குகளை இருபடியாக்கிக் கூட்டும் இதே வழிக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். காட்டைப் பார்த்தவரும் கடைத்தெருவைப் பார்த்தவர்களும் ஒரே கணக்கைப் போட்டிருக்கிறார்கள்.

இந்திய உள்நாட்டு விமானப் பயணிகளுக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். நூறு பேரில் ஏறக்குறைய 65 பேர் இண்டிகோவில் போகிறார்கள், 27 பேர் ஏர் இந்தியாக் குழுமத்தில், மிச்சம் 5, 3 என்று வைத்துக்கொள்வோம். 0.65ஐ அதாலேயே பெருக்கினால் 0.42. மற்றதையும் கூட்டினால் அரைக்கு மிக அருகில் வந்து நிற்கும். பெயருக்கு நிறையக் கம்பெனிகள் இருந்தாலும், கணக்குப்படி இவ்வளவு பெரிய நாட்டில் இரண்டே இரண்டு கம்பெனிகள் இருப்பதற்குச் சமம். பாண்டிக்குக் கணக்கே வேண்டாம்: 1.

2025 டிசம்பரில் இந்த எண் எதைக் குறிக்கிறது என்பதை நாடே பார்த்தது. களைப்போடு விமானம் ஓட்டுவது ஆபத்து என்பதால் விமானிகளுக்கு வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தும் விதிகள் வந்திருந்தன. இரவில் தரையிறங்கும் எண்ணிக்கையும் குறைக்கப்பட்டது. நல்ல விதிகள், பயணிகளின் உயிரைக் காக்கும் விதிகள். ஆனால் அவற்றுக்கு ஏற்றபடி இண்டிகோவிடம் போதுமான விமானிகள் தயாராக இல்லை. டிசம்பர் 5ஆம் தேதி ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. கல்யாணத்துக்குக் கிளம்பியவர்களும், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவர்களும், பரீட்சைக்குக் கிளம்பியவர்களும் நிலையத் தரையில் பெட்டியைத் தலைக்கு வைத்துப் படுத்துக் கிடந்தார்கள். மற்றக் கம்பெனிகளின் டிக்கெட் விலை எகிறியது. அரசு தலையிட்டு உச்சவரம்பு போட வேண்டி வந்தது. இண்டிகோவுக்கு மட்டும் அந்த இரவு விதிகளைத் தற்காலிகமாகத் தளர்த்தவும் வேண்டி வந்தது. எனக்கு இதில் மிகவும் வருத்தம் தந்தது கடைசியில் சொன்னதுதான். ஒரு கம்பெனி நின்றால் நாடே நின்றுவிடும் என்ற நிலை வந்தால், பாதுகாப்பு விதியே அதற்கு வழிவிட்டு நிற்க வேண்டியதாகிவிடுகிறது.

உலகத்தில் மற்றவர்களும் இந்தக் கஷ்டத்தைப் பட்டிருக்கிறார்கள். ஜெர்மனியில் பிராங்க்ஃபர்ட் நகரத்திலிருந்து 120 கிலோமீட்டர் தள்ளி ஹான் என்ற நிலையம் இருக்கிறது. 1999 முதல் ரயன்ஏர் என்ற குறைந்த கட்டணக் கம்பெனியை நம்பியே வளர்ந்தது. 2007இல் ஏறக்குறைய 40 லட்சம் பயணிகள். பிறகு ரயன்ஏர் பிராங்க்ஃபர்ட்டின் பெரிய நிலையத்துக்கே போய் இறங்கத் தொடங்கியது. 2021இல் ஹான் நிலையத்தின் நிர்வாகம் திவாலானது. விமானத்தை ஒரே இரவில் வேறு ஊருக்குத் திருப்பிவிடலாம். ஓடுபாதை போட்ட இடத்திலேயே கிடக்கும்.

பாண்டிக்கு இன்னும் நெருங்கிய சொந்தம் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன். அங்கும் குட்டை ஓடுபாதை, 1,723 மீட்டர். அங்கும் பறந்தது பெரும்பாலும் க்யூ400, ஸ்பைஸ்ஜெட் பாண்டிக்கு அனுப்பிய அதே வகை. நிலையத்தின் விமானங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் ஃப்ளைபீ என்ற ஒரே கம்பெனியுடையவை. 2020 மார்ச் 5ஆம் தேதி ஃப்ளைபீ மூடப்பட்டது. காலையில் எழுந்து பார்த்தால் நிலையத்தில் ஏறக்குறைய விமானங்களே இல்லை. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஓடுபாதையை 164 மீட்டர் நீட்டினார்கள். 2023இல் வேலை முடிந்தது. நூற்று அறுபத்து நாலு மீட்டர் என்றால் உங்கள் சைக்கிள் சக்கரத்துக்கு 82 சுற்று. ஜெட் விமானங்கள் இன்னும் அதிகச் சுமையோடு கிளம்ப அது இடம் கொடுத்தது. அதனால் வேறு வேறு கம்பெனிகளை அழைக்க முடிந்தது.

அப்படியானால் ஓடுபாதையை நீட்டினால் எல்லாம் சரியாகிவிடுமா? கேரளத்துக் கண்ணூர் இதற்கு "இல்லை" என்கிறது. 2018இல் திறந்த அந்த நிலையத்தில் 3,050 மீட்டர் ஓடுபாதை, பெரிய விமானங்களும் இறங்கலாம். இருந்தும் 2023 மே மாதம், அங்கிருந்து பறந்துகொண்டிருந்த கோ ஃபர்ஸ்ட் கம்பெனி பறப்பதை நிறுத்தியபோது கண்ணூர் ஆடிப்போனது. வளைகுடா நாடுகளிலிருந்து வெளிநாட்டுக் கம்பெனிகள் வர ஆசைப்பட்டாலும் அரசு அனுமதி இல்லாததால் வர முடியவில்லை. கம்பெனிகள் பல வர வேண்டுமானால் தரை வேண்டும், பயணிகள் வேண்டும், அனுமதியும் வேண்டும். மூன்றில் எது குறைந்தாலும் வயலில் ஒற்றை ரகம்தான்.

நம் உறவுகள் இருக்கும் யாழ்ப்பாணம் கொஞ்சம் நம்பிக்கை தருகிறது. பலாலி நிலையத்துக்கு 2019 நவம்பரில் சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் பறக்கத் தொடங்கியது. கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் திரும்பியது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் வந்து சேர்ந்தது. இரண்டுமே ஏ.டி.ஆர். விமானங்கள்தான். கணக்குப் போட்டால் எண் 1இலிருந்து கீழே இறங்கியிருக்கும்.

பாண்டியில் இண்டிகோ தொடங்கியபோது போட்ட அட்டவணைப்படி ஒரே விமானம் பெங்களூரிலிருந்து வந்து, ஐதராபாத் போய், அங்கிருந்து திரும்பி வந்து, மறுபடி பெங்களூருக்குப் போனது. காலையில் பெங்களூரில் அந்த ஒரு விமானத்தில் ஒரு திருகாணி கழன்றிருந்தால் பாண்டியின் அன்றைய நாள் முழுவதும் போயிற்று. ஓடுபாதையை நீட்ட வேண்டும் என்று பல ஆண்டுகளாகப் பேசுகிறார்கள். அதற்கு வேண்டிய நிலம் புதுச்சேரி எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம், விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. இரண்டு அரசுகளும் ஒத்துக்கொள்ள வேண்டும், நிலத்துக்காரர்களுக்கு நியாயமான விலை கிடைக்க வேண்டும். நீட்டுவது நல்லது என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் கண்ணூரைப் பார்த்த பிறகு, நிலம் எடுப்பதற்கு முன்பே எத்தனை கம்பெனிகள் வரத் தயார் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்வதுதான் முறை. நெய்வேலியிலும் ஒரு ஓடுதளம் இருக்கிறது. உடான் திட்டத்தில் பெயர் வந்தும் இதை எழுதும்வரை அங்கே பயணிகள் விமானம் தொடங்கவில்லை. அது தொடங்கும் நாளிலும் முதல் கேள்வி இதுவாகவே இருக்க வேண்டும்.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. பெரியவர் யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் நம் பேருந்து நிலையத்துக்குப் போங்கள். பாண்டிச்சேரிக்குக் கிளம்பும் பஸ்களை ஒரு மணி நேரம் எண்ணுங்கள். தமிழ்நாட்டு அரசு பஸ் எத்தனை, புதுச்சேரி அரசு பஸ் எத்தனை, தனியார் பஸ் எத்தனை. தனியாரில் பெயர் வேறு வேறாக இருந்தால் தனித்தனியாக எழுதுங்கள். ஒவ்வொன்றின் எண்ணிக்கையையும் மொத்தத்தால் வகுத்துப் பங்கைக் கண்டுபிடித்து, பங்கைப் பங்காலேயே பெருக்கிக் கூட்டுங்கள். சிதம்பரம் போகும் பஸ்களுக்கும், விருத்தாசலம் போகும் பஸ்களுக்கும் தனித்தனியாக இதையே செய்யுங்கள். மூன்று எண்ணில் எது பெரிது, ஏன் அப்படி என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ அதையும் நாலு வரியில் எழுதி, தேதியும் நேரமும் குறித்து ஆசிரியருக்கு அனுப்பிவையுங்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் எண்ணியவர்கள் அதைத் தனியாகச் சொல்லுங்கள். சிறப்புப் பேருந்துகள் கணக்கை மாற்றிவிடும்.